பத்துக்கு எத்தனை?

"பூஜ்யம் போடும்மா! அதுக்குக் கீழே ஏதாவது இருந்தா அதைப் போடு!"

கணக்கெடுக்க வந்தவள் திடுக்கிட்டுப் போனாள். கத்தியது அந்த வீட்டு மாமனார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

முதியோர் பகல்நேர மையம் வந்தபிறகு குடும்பத்தில் நிம்மதி கூடியிருக்கிறதா? பத்துக்கு எத்தனை மார்க்? சராசரி குறைந்தால் மையத்துக்குப் பூட்டு. அரசாங்கத்தின் புதுக் கணக்கு அது.

"நீங்க எத்தனை போடுவீங்க?" என்று மருமகளைக் கேட்டாள்.

"பத்து! காலையில இவரை வேன்ல ஏத்தி விட்டாத்தான் எனக்கு மூச்சே வருது."

"கேட்டியா, கேட்டியா! இவ நிம்மதிக்கு நான் ஜெயில்ல கிடக்கணும்!"

அடிப்பாவி, பெரியவர் முகத்துக்கு நேரேவா இப்படி? வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மையத்துக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, இவள்தான் சாப்பாட்டு நேர அவசரத்தில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டாள்.

உள்ளே போன் அடித்தது. மருமகள் எழுந்து போனதும் மாமனார் குனிந்தார். அந்தக் குரல் எங்கே போயிற்றோ!

"பூஜ்யத்தை அடிச்சிட்டுப் பத்து போடும்மா. சீட்டுக் கச்சேரி என்ன, அரட்டை என்ன... அங்க நான் ராஜா! வெளியில சொல்லிடாதே. வீட்டைவிட அங்கதான் எனக்குக் குஷின்னு தெரிஞ்சா இவ அழுதே தீர்த்துடுவா. வாய்தான் நீளம்."

மருமகள் திரும்பி வந்தாள்.

"பூஜ்யம்தான்! மாத்தவே மாட்டேன்!" என்று கத்தினார்.

இந்த ராட்சசிக்காகவா இத்தனை நாடகம் என்று முணுமுணுத்தபடி கிளம்பினாள் வந்தவள்.

வழியனுப்ப வந்த மருமகள், கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாமா சொன்ன பூஜ்யத்தை எழுதிடாதீங்க. மையத்தை மூடிடப் போறாங்க."

"மூடினா உங்களுக்கு மூச்சு வராதோ?" குத்தலாகவே கேட்டாள்.

"எனக்கில்லைக்கா, அவருக்கு! அங்க ராஜா மாதிரி இருக்கார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."

வந்தவளுக்குச் சுருக்கென்றது.

"அப்போ உங்க நிஜ மார்க்?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு. மாமா இல்லாம பகலெல்லாம் வீடு வெறிச்சுனு கிடக்கு. ஆனா பத்துன்னே இருக்கட்டும்க்கா. எனக்கு அவரைத் தேடுதுன்னு தெரிஞ்சா, மனுஷன் நாளைக்கே வேன்ல ஏற மாட்டார்!"