புறாக்கூடு கட்டியது யார்?

கீஸா பிரமிடுகளைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் ஷவ்கி, அலுத்துப்போய் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்தான்.

"இன்னைக்கும் அதே பேச்சுதான், நஜ்லா. நம்ம பாட்டன் பூட்டன் கட்டினதுன்னு தொண்டை வத்தக் கத்தினேன். 'உங்க ஆளுங்களால முடியவே முடியாது, வானத்துலேருந்து யாரோ வந்துதான் கட்டியிருக்கணும்'னு ஒருத்தன் அடிச்சுச் சொல்றான்."

"வாய்க்கொழுப்பு!" என்றாள் மனைவி.

அப்போதுதான் மூலையில் அது அவன் கண்ணில் பட்டது. ஆளுயரத்துக்குக் களிமண்ணால் கட்டிய புதுப் புறாக்கூடு, கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"அட! எந்தக் கொத்தனார் வந்தான்?"

"நான்தான் கட்டினேன்."

"விளையாடாதே. உன்னால முடியுமா? நெஜமாச் சொல்லு, யாரு கட்டினது?"

நஜ்லா கையில் காய்ந்திருந்த களிமண்ணைத் தட்டிவிட்டாள்.

"வானத்துலேருந்து யாரோ வந்து கட்டிட்டுப் போனாங்க."