பெயர் சொல்லி மூன்று முறை

"எல்லாம் பண்ணுங்க, லெமுவேல். பாடுங்க, ஜெபம் பண்ணுங்க. அவர் பேரை மட்டும் கூப்பிடாதீங்க."

ஒடெஸா சங்கக் கட்டடத்தின் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஞாயிறு ஆராதனைக்குப் போட்டிருந்த கறுப்புத் தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அது எப்படி அண்ணி? பேர் சொல்லிக் கூப்பிடறதுதானே சடங்கே!" என்றார் லெமுவேல்.

பல் மருத்துவரான அவர்தான் அந்தக் கல்லூரிச் சகோதர சங்கத்தின் மெம்ஃபிஸ் நகரக் கிளைக்குத் தலைவர். படிக்கிற வயதில் அதில் சேர்ந்தவர்கள் தலை நரைத்த பிறகும் விடுவதில்லை. ஊரில் எந்தத் தெருவில் யாருடைய கார் நின்றுபோனாலும், தள்ளிவிட ஒரு சகோதரர் வந்துவிடுவார். பெரும்பாலும் அது ஒடெஸாவின் கணவர் கிளியோஃபஸாகத்தான் இருக்கும். போன வாரம்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள். பெட்டிக்குள் கிடந்தவருக்குச் சங்கத்தின் கரும்பச்சை டையைக் கட்டிவிட்டதே லெமுவேல்தான்.

சகோதரர் ஒருவர் இறந்தால், மற்றவர்கள் கூடிப் பெயர் கூப்பிடுவார்கள். இருப்பவர்கள் பதில் கொடுப்பார்கள். இறந்தவரை மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் மெழுகுவத்தியை அணைத்துவிடுவார்கள். அதோடு அவருக்கு விடை கொடுத்தாயிற்று.

"கூப்பிட்டா வந்துடுவாருப்பா," என்றாள் ஒடெஸா. "நீங்க கூப்பிட்டு அவர் என்னைக்கு வராம இருந்திருக்கார்? எனக்கு இடுப்பு வலி எடுத்தப்போ எங்க இருந்தார்? வயசானவங்களை ஓட்டுப் போட ஏத்திக்கிட்டுப் போயிருந்தார். கல்யாண நாளும் அதுவுமா மீன் பொரிச்சு வச்சிட்டு உட்கார்ந்திருக்கேன், உங்க வீட்டு நிலவறையில தண்ணி புகுந்துடுச்சுன்னு வாளியைத் தூக்கிட்டு ஓடினார்."

"புகுந்தது நிஜம்தான் அண்ணி." லெமுவேல் தலையைச் சொறிந்தார்.

"உயிரோட இருந்த வரைக்கும் உங்களுக்கே விட்டுக் கொடுத்தேன். இனிமேலாவது எனக்குன்னு விடுங்களேன்."

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்த லெமுவேல், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்.

வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு ஒற்றை மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இருட்டிலிருந்து ஒரு குரல், "இருக்கேன்" என்றது.

"சகோதரர் கிளியோஃபஸ்!"

பதில் இல்லை.

"சகோதரர் கிளியோஃபஸ்!"

சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மின்விசிறி ஓடவில்லை, கதவும் மூடியிருந்தது. பேசுவதற்காக யாரோ மூச்சை உள்ளே இழுத்தது போலிருந்தது. ஒடெஸா கண்களை இறுக மூடிக்கொண்டு, "வேண்டாம்... வேண்டாம்..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை லெமுவேலின் குரல் உடைந்துவிட்டது. "அண்ணே... கிளியோ அண்ணே!"

ஒரு சத்தமும் இல்லை. நெடுநேரம் காத்திருந்துவிட்டுச் சுடரை விரல்களால் நசுக்கினார்.

ஒடெஸாவைத் தன் காரிலேயே வீட்டுக்கு அழைத்துப்போனார். வழியில், "பார்த்தீங்களா அண்ணி? பதில் வரலை. அண்ணன் நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டார்," என்றார்.

"ஆமாம்ப்பா, பதில் வரலை."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்ததேயில்லை.

வீடு வந்ததும் அவரை உள்ளே வரச் சொல்லாமலே இறங்கி விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காரைக் கிளப்பப் போனவர், சகோதரர்களின் வீட்டுப் பெண்கள் அவளுக்குக் கொடுத்தனுப்பிய கேக் பின்சீட்டிலேயே இருப்பதைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு படியேறினார். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே, தேவாலயப் பாடகர் குழுவில் நாற்பது வருடம் லெமுவேலின் பக்கத்தில் நின்று பாடிய அந்தக் கனத்த குரல் சலித்துக்கொண்டது:

"போயிட்டானா அந்த லெமுவேல்? மூணு தடவை கூப்பிட்டும் நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்டி... இப்ப திருப்தியா உனக்கு?"