பார்க்கப் போகிறவள்

“எதுக்கு அமெரிக்கா போறீங்க?”

“பேரனைப் பார்த்துக்க.”

“ரிஜெக்டட்! எழுந்து போங்கம்மா” என்று வில்பிரட் மேசையைத் தட்டினார். காபி டம்ளர் குதித்தது.

ஜெயக்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முடிச்சூர் வீட்டின் சாப்பாட்டு மேசைதான் ஒரு வாரமாக விசா அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் வில்பிரட் வெள்ளைக்கார அதிகாரி. சாம்பார் கேட்கும்போது மட்டும் கணவராகிவிடுவார்.

“எத்தனை தடவை சொல்றது ஜெயா? ‘பார்த்துக்க’ இல்ல, ‘பார்க்க’! பேரனைப் பார்த்துக்கன்னு சொன்னா, ஆயா வேலைக்கு வர்றேன்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடுவான். ஊர் சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லு. டூரிஸ்ட்!”

“பார்க்க, பார்க்க” என்று அவள் முணுமுணுத்தாள்.

இந்த வயதில் அந்தச் சொல் வாயில் உட்கார மறுத்தது. மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். நாத்தனாரின் இரண்டு பிரசவங்களையும் பார்த்துக்கொண்டாள். இவருடைய சர்க்கரையை இன்னமும் பார்த்துக்கொள்கிறாள். வெறுமனே எதையாவது பார்த்தோமா என்று யோசித்தால், தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நிற்கும்போது நிற்காமல் கடந்துபோன வெளியூர் ரயில்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

“சரி, அங்க என்னென்ன பார்ப்பீங்க?” அதிகாரி மறுபடி ஆரம்பித்தார்.

ஜெயக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகள் ரேஷ்மா மெயிலில் அனுப்பி, வில்பிரட்டே பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துவந்த படங்கள் அவளுக்கு மனப்பாடம்.

“நயாகராவுல நீலக் கலர்ல மழைக்கோட்டு குடுப்பாங்க சார். அதைப் போட்டுக்கிட்டு போட்ல அருவிகிட்டயே போகலாம். அப்புறம் கிராண்ட் கேன்யன். மேல பனி கொட்டிக் கிடக்கும்போது கீழ ஆத்தங்கரையில வெயில் அடிக்குமாம். கோவேறு கழுதையில உட்கார்ந்தும் இறங்கலாம். நான் நடந்துதான் இறங்குவேன்.”

“போதும், போதும். கழுதை வரைக்கும் எதுக்கு?” என்று சிரித்தார் வில்பிரட். “குற்றாலத்தைக்கூடப் பார்க்காதவ பேசற பேச்சைப் பாரு!”

“எப்பவோ கேட்டேனே. ‘அருவியில என்ன இருக்கு? மோட்டாரைப் போட்டா மாடியில டேங்க் வழியுது, நின்னு பார்த்துக்கோ’ன்னீங்க.”

“தப்பா? தண்ணியைப் பார்க்க யாராவது காசு செலவு பண்ணுவாங்களா? ஜெபினைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு ரேஷ்மா அழுததாலதான் உன்னை அவ்வளவு தூரம் அனுப்பறேன். அவனை விட்டுட்டு வாசப்படி தாண்டாதே, சொல்லிட்டேன்.”

ஜெயக்கொடி தலையாட்டினாள்.

விடிந்ததும் புது கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நடைமேம்பாலத்தில் மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டு வந்தாள்.

“ஜெபினைத் தூக்கிக்கிட்டு அவங்க மாடி ஏறணுமே, அதான்” என்றாள்.

வில்பிரட்டுக்கு மனம் இளகியது. அன்றைக்குக் காபியை அவரே போட்டார்.

நேர்காணல் நாளில் அவரைத் தூதரக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெயக்கொடி தனியாக உள்ளே போனாள். கண்ணாடிக்கு அப்பால் சிவந்த முகமுள்ள இளைஞர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்.

“எதுக்கு அமெரிக்கா போறீங்கன்னு கேக்கறார்.”

“பார்க்க” என்றாள் ஜெயக்கொடி.

அருவியைச் சொன்னாள். நீலக் கோட்டைச் சொன்னாள். பள்ளத்தாக்கின் பாறைகள் சாயங்காலத்தில் நிறம் மாறுவதைச் சொல்லும்போது, ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “சார் கீழ வரைக்கும் இறங்கியிருக்காரா?”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். இளைஞர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பாஸ்போர்ட்டைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

வெளியே மரத்தடியில் வில்பிரட் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து நின்றிருந்தார்.

“பாஸ்போர்ட்டை அவங்களே வெச்சுக்கிட்டாங்க.”

“அப்படின்னா விசா குடுத்துட்டான்! அடேயப்பா, நீ இவ்வளவு கோர்வையா பொய் சொல்லுவேன்னு எனக்கே தெரியாதே!”

தாம்பரம் திரும்பும் ரயிலில் பல்லாவரம் தாண்டியதும் அவர் மெல்லக் கேட்டார்: “அந்தக் கழுதை... நிஜமாவே அவ்வளவு ஆழத்துக்கு இறங்குமா?”

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி மணியடித்தது. ரேஷ்மா.

“அம்மா, கிடைச்சிடுச்சா? அப்பா பக்கத்துல இருக்காரா?”

“கிடைச்சிடுச்சு. அவர் ஸ்வீட் வாங்கப் போயிருக்கார்.”

“அந்த ஆபீசர்கிட்ட ஊர் சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லும்போது பயமா இல்லையாம்மா?”

“எதுக்குடி பயம்? உண்மையைத்தானே சொன்னேன்.”

வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜெயக்கொடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஜெபினைப் பகல்ல பார்த்துக்க கிரெஷ்ல சேர்த்து மூணு மாசமாச்சுன்னு மட்டும் அப்பாகிட்ட இப்போ வாயைத் திறந்துடாதே. நான் பள்ளத்துல இறங்கி, திரும்ப மேல ஏறி வந்தப்புறம் சொல்லிக்கலாம்.”