கம்பி வேலியில் கரண்ட்

"மனுசர் தொட்டால் செத்துப்போவினமோ?" உதயகலா திரும்பவும் கேட்டாள்.

"சாகமாட்டினம். விட்டுவிட்டுத்தான் அடிக்கும். மாட்டுக்கு மூக்கிலை ஒருக்காப் பட்டால் பிறகு கம்பிக்குக் கிட்டவும் போகாது." கனகநாதன் எர்த் கம்பியடியில் தண்ணீர் ஊற்றினான். "இந்த மண் காய்ஞ்சால்தான் அடிக்காது."

அவளுக்கு மனம் ஆறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கனகநாதனின் தம்பி சபேசனின் மரவள்ளித் தோட்டம். இவர்களுடைய மாடு அதற்குள் புகுந்து மேய்ந்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் கதைப்பதில்லை.

"உங்கடை தம்பி தெரியாமல் பிடிச்சிட்டால்?"

"அவனுக்குக் கண் இருக்குத்தானே."

சொல்லி வாய் மூடவில்லை.

"ஐயோ, அண்ணை!"

வேலியடியில் சபேசன் கையை உதறிக்கொண்டு குந்தியிருந்தான்.

கனகநாதன் பாய்ந்து ஓடினான். உதயகலா கரண்டை நிறுத்தவென்று மாட்டுக்கொட்டிலுக்கு ஓடி, வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பற்றரிப் பெட்டியைத் திறந்தாள். திகைத்துப்போனாள். உள்ளே பற்றரியே இல்லை!

வேலியடிக்கு ஓடிவந்தாள். கனகநாதன் தம்பியின் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"கடுமையா அடிச்சுப்போட்டுதோடா?"

"ஓம் அண்ணை. தோள்மூட்டு வரைக்கும் இழுத்துப்போட்டுது."

"இஞ்சருங்கோ, பெட்டிக்குள்ளை..."

கனகநாதன் எழுந்து அவள் காதோடு சொன்னான்.

"தெரியும். பற்றரியைக் காலமைதான் சார்ஜுக்குக் குடுத்தனான். வாயைத் திறவாமல் போய் மூண்டு பேருக்கும் தேத்தண்ணி போடு."