டெக்லனுக்கு ஒரு தேத்தண்ணி

லண்டன் நோர்பரிக் கடையின் பின்னறையில் மழை வெளிச்சம் ஐஸ்பெட்டிகளின் மேல் சாம்பலாய்க் கிடக்கிறது. 2005ஆம் ஆண்டுக் கலண்டருக்குக் கீழே கடைக்கார அருட்பிரகாசம் இருக்கிறான். மேசைக்கடியில் அவனுடைய வலக்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எதிரே அயர்லாந்திலிருந்து வந்த மீன் மொத்த வியாபாரி டெக்லன். இதுவரை மீன் தந்த இங்கிலீஷ்காரன் தொழிலை மூடிவிட்டான். டெக்லன் சம்மதிக்காவிட்டால் திங்கட்கிழமை மீன்தட்டு வெறுமைதான். இங்கிலீஷ்காரன் வந்தால் விலை, கையெழுத்து, பத்து நிமிடத்தில் போய்விடுவான். பக்கத்துத் தீவிலிருந்து வந்த இந்த மனிதரோ அரை மணி நேரமாக அவனுடைய ஊரான மன்னாரின் கடல், மாதா கோயில், பிள்ளைகளின் படிப்பு என்று விசாரிக்கிறார். விலைத்தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை. வந்தவுடன் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். அருட்பிரகாசமும் அதோடு விட்டுவிட்டான். இப்போது டெக்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்புகிறார். திரைக்குப் பின்னாலிருந்து மனைவி பியற்றிஸ் சீறுகிறாள்: "ஒருக்காக் கேட்டா ஆரப்பா ஓம் எண்டுறது? என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நீங்கள் மூண்டுதரம் வேண்டாமெண்டிட்டு நாலு வடை திண்டனீங்கள் எல்லோ?" அருட்பிரகாசம் பாய்ந்தெழும்பி மறுபடி கேட்கிறான். "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்கிறார் டெக்லன், தொப்பியைத் தலையில் போடாமலே. மூன்றாந்தரமும் கேட்கிறான். "சரி, அரைக் கோப்பை." கதிரை கிறீச்சிடுகிறது. பியற்றிஸ் நிறைத்துக் கொடுத்த கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக் குடித்து முடித்த டெக்லன், விலைத்தாளைத் தன் பக்கம் இழுக்கிறார். "கிழமைக்கு எத்தனை பெட்டி வேணும்?" பதில் சொல்ல வாயெடுத்த அருட்பிரகாசம், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்றுதான் கேட்கிறான்.