மூன்றாவது காட்சி

"பள்ளிக்கூடத்தையும் மூடறாங்களாம்டி. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க" என்றாள் அக்கா போனில்.

நான் விரல்விட்டு எண்ணினேன்.

முதலில் பஸ் நின்றது. இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியை மூடினார்கள். இப்போது பள்ளி.

அந்த வரிசையை எழுதியவள் நான்.

நீண்டகால மாற்றங்களை ஆராயும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நாங்கள் ஜோசியம் சொல்வதில்லை. ஓர் இடத்தில் மெல்ல மெல்ல நடக்கும் மாற்றங்களில் எது எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று பார்ப்போம். முப்பது வருடம் கழித்து இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்று சில காட்சிகளை எழுதித் தருவோம். மோசமான காட்சியை எழுதுவதே, அது நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான்.

சேர்ந்தவுடன் எனக்குக் கிடைத்த வேலை, அக்கா குடியிருக்கும் ஆற்றோரத் தெரு. மாநகராட்சி கேட்ட ஆய்வு.

அந்தத் தெருக்காரர்கள் வெளியாளிடம் வாய் திறக்க மாட்டார்கள். அக்காதான் வீடு வீடாக ஏறி இறங்கி, "என் தங்கச்சிதான், மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்று கூட்டி வந்தாள். அவள் சமையலறையில் உட்கார்ந்து எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். எது இல்லாமல் போனால் இங்கிருந்து கிளம்புவீர்கள்?

பஸ் நின்றால் வேலைக்குப் போகிற பெண்கள் தாங்க மாட்டார்கள் என்றார் தையல்காரர். ஆஸ்பத்திரி என்றார், மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ளும் எதிர்வீட்டுக்காரர்.

பள்ளியைச் சொன்னது அக்கா.

சொன்னதையெல்லாம் கோத்து, முப்பது வருடத்தில் ஆளில்லாமல் போகும் தெருவை மூன்றாவது காட்சியாக எழுதினேன்.

அந்த வரிசையை மாநகராட்சி ஒரே வருடத்தில் முடித்துவிட்டது.

இயக்குநரின் அறைக்குப் போனேன். எண்பது பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தவர். அதை நாலு பேர் முன்னால் சொல்லிப் பெருமைப்படுகிறவர்.

"எச்சரிக்கையாத்தானே சார் எழுதினேன்?"

"எழுதறதோட நம்ம வேலை முடிஞ்சுதும்மா." அவர் நிமிரவே இல்லை.

நேராகப் பதிவறைக்குப் போய் அந்த ஆய்வின் கோப்பை எடுத்தேன். இத்தனை நாளில் அதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மேலேயே மாநகராட்சியின் கடிதம் இருந்தது. 'குடியிருப்போர் தாமாகவே வெளியேற, எந்தெந்த வசதிகளை எந்த வரிசையில் நிறுத்துவது உகந்தது என அறிய விரும்புகிறோம்.'

அதன் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி. இயக்குநரின் சாய்வான கையெழுத்து.

'விண்ணப்பித்தவர்களில் ஒருத்தியின் அக்கா அந்தத் தெருவில் இருக்கிறாள். தங்கையையே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.'

கீழே தேதி போட்டிருந்தார்.

என் நேர்காணலுக்கு நான்கு நாள் முன்பு.