ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே

"ஏங்க, குளிச்சிட்டு வந்தா ஹீட்டரை அணைக்கணும்னு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

பிரிண்டர்காரர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். சமையலறையில் மனைவி, ஹால் சோபாவில் அம்மா. நடுவே ஆறடி தூரம். அம்மாவுக்குக் காது பாம்புக் காது. ஆனாலும் மகன் வந்து எதிரே நின்று வாயைத் திறக்கும்வரை ஒன்றுமே கேட்காதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அம்மா, ஹீட்டரை..."

"யாரு சொன்னது, யாருக்குச் சொன்னது? அதை முதல்ல சொல்லு. மொட்டையா வந்து நின்னா எனக்கென்ன தெரியும்?"

தலையெழுத்தே என்று அதையும் சொன்னார்.

இருபது வருடமாக ஒரே ஆபீசில் பிரிண்டரும் ஜெராக்ஸ் மெஷினும் ரிப்பேர் செய்கிறவர். மை கக்கும் மெஷினைத் தட்டிப் பார்த்தே நோய் சொல்லிவிடுவார். திடீரென்று மேலிடத்தில் ஒரு உத்தரவு போட்டார்கள். டெக்னீஷியன் எல்லோரும் நெட்வொர்க் அடிப்படைப் பரீட்சை பாஸ் செய்தாக வேண்டும், மூன்று தடவை எழுதலாம், மூன்றிலும் தேறாவிட்டால் வேலை கிடையாது. இரண்டு தடவை எழுதி இரண்டிலும் கோட்டை விட்டாயிற்று. "எழுத்தெல்லாம் கண்ணுக்குள்ள போகுது, மண்டைக்குள்ள ஏற மாட்டேங்குது" என்று வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

மறுநாளே மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எரிகிற நெருப்பில் எண்ணெய். என்னதான் சண்டை என்று கேட்டார். மனைவி குக்கர் மூடி என்றாள். அம்மா ஜன்னல் கதவு என்றார்.

நாள் போகப் போக இருவரும் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. விஷயத்தைக் கொண்டு போனால் அம்மா உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். முதலில் "பேசலாமா?" என்று மருமகள் கேட்டனுப்ப வேண்டும். "பேசலாம், அவ தயாரா?" என்று இவர் திரும்பிப் போக வேண்டும். "தயார்" என்ற பதிலோடு மறுபடி வர வேண்டும். மூன்று நடை நடந்த பிறகுதான் உப்பு வாங்க வேண்டும் என்ற விஷயமே வெளியே வரும்.

ஒருநாள் மனைவியின் வார்த்தை கொஞ்சம் காரமாக இருக்கிறதே என்று சர்க்கரை தடவிச் சொன்னார். அம்மா கண்டுபிடித்துவிட்டார். "நீ கொண்டு வர்றவன்தானே? உள்ள இருக்கிறதை மாத்த நீ யாரு?" என்று பிடித்துக்கொண்டார். அதிலிருந்து மனைவி எழுதியே கொடுக்க ஆரம்பித்தாள். கையகலத் தாள், அதனால் ஒரு விஷயம் மூன்று தாள் பிடித்தது. மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வேறு. இரண்டாவது தாளை இவர் எங்கேயோ தவற விட்டார். அம்மா ஒன்றையும் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வரலை. அதை மட்டும் திரும்ப எழுதி வாங்கிட்டு வா" என்று விரட்டினார்.

"நான் இங்க படிக்கிறதா, தபால்காரன் வேலை பார்க்கிறதா?" என்று அன்றைக்கு வாய்விட்டே அழுதுவிட்டார். இருவரும் மனம் இரங்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. திரையில் முதல் கேள்வி வந்தது. ஒரு செய்தியைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து அனுப்பும்போது இரண்டாவது பாக்கெட் வழியில் தொலைந்தால் என்ன ஆகும்? புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வரவில்லை. அம்மா சோபாவில் இரண்டு தாளோடு முறைத்தது ஞாபகம் வந்தது. அதை மட்டும் திரும்ப அனுப்ப வேண்டும். டக்கென்று அமுக்கினார். இணைப்பு தொடங்க எத்தனை படி? மூன்று நடை. கால் வலித்த வலி மறக்குமா? பாக்கெட்டைக் கைமாற்றி விடும் ரவுட்டர் அதன் உள்ளே இருக்கும் செய்தியை மாற்றுமா? மாற்றிவிட்டு வீட்டில் இருக்க முடியுமா?

முடித்ததும் திரையிலேயே முடிவு வந்தது. பாஸ். சும்மா இல்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மனைவிக்குப் போன் போட்டார். "சந்தோஷங்க. உங்க அம்மாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள். நல்ல செய்தியைக்கூட நானே சுமக்க வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டார். வேலை தப்பிவிட்டது, வீட்டையும் இன்றைக்கே சரி செய்துவிடுவது என்று தீர்மானித்தார். பெரிய கேக் ஒன்று வாங்கினார். இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்து வெட்ட வைக்க வேண்டும். வழியெல்லாம் அதற்கான வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு. ஒரே சோபாவில் மாமியாரும் மருமகளும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மடியில் அவருடைய பாடப்புத்தகம், மனைவி கையில் பென்சில்.

"சாயங்காலமானா உன்கூடப் பேசாம வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தது எனக்குத்தாம்மா தெரியும்," என்றார் அம்மா. "அவன் ரெண்டாம் வகுப்புல இருந்தே அப்படித்தான். உட்கார வெச்சா ஏறாது, ஓட விட்டாத்தான் ஏறும்."

மனைவி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "இதுக்கு மேல நெட்வொர்க் பாதுகாப்புன்னு இன்னொரு பரீட்சை இருக்காம் அத்தை. நாளையிலேர்ந்து நீங்க ரூமைப் பூட்டிக்கிட்டு, யாரு என்னன்னு விசாரிக்காம அவரை உள்ளயே விடாதீங்க."